பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் கோல்ஃப் திடல்: கோலாலம்பூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 ஜூனில் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் கண்விழித்துப் பார்த்த நண்பர்கள் பலருக்கும் ஒரே மனக்குறை. இவ்வளவு பெரிய போட்டியை ஏன் பைன்ஹர்ஸ்டில் இப்படிக் காய்ந்து கிடக்கும் இரண்டாம் எண் திடலில் நடத்துகிறார்கள் என்பதுதான் அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் புல்தரைப் பராமரிப்பு வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. துண்டு துண்டாகச் சொல்லி வந்த பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். புல்லைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் நீண்டுதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைன்ஹர்ஸ்ட் எங்கே இருக்கிறது? அது கிளப்பா, ஹோட்டலா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மணற்குன்றுப் பகுதி என்று அழைக்கப்படும் இடத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே இருந்தாலும், பல்லாயிரம் நூற்றாண்டுகளுக்கு முன் அது கடலோரமாக இருந்த நிலம். அந்த மணல்தான் இந்தக் கதை முழுவதற்கும் அடிப்படை.

உறுப்பினர்களும் உண்டு, ஆனால் அடிப்படையில் அது ஓய்வு விடுதி. ஹோட்டல்கள், சிறு கிராமம், அதைச் சுற்றிப் பெரும்பாலும் எண்களாலேயே அழைக்கப்படும் கோல்ஃப் திடல்கள். கிராமமும் அதைச் சார்ந்த பகுதியும் 1996-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

அந்த வனாந்தரத்தில் போய் யார் கோல்ஃப் திடல் கட்டினார்கள்?

கோல்ஃபுக்காக யாரும் போகவில்லை. ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் என்ற பாஸ்டன் நகரத்துச் செல்வந்தர், சோடா விற்கும் இயந்திரங்கள் செய்து பணம் சேர்த்தவர், 1895-இல் அங்கே 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். விலை ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டாலர். மரத்துக்காகவும் பிசினுக்காகவும் பைன் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு, இனி ஒன்றுக்கும் உதவாது என்று விட்டுப்போன மணல் அது. குளிர்காலத்தில் வடக்கே இருமிக்கொண்டு கிடப்பவர்கள் வந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். கிராமத்துக்கான திட்டத்தை வரைந்தது நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட்டின் நிறுவனம்.

வந்த விருந்தினர்கள் சிலர் பால்பண்ணை மேய்ச்சல் நிலத்தில் கோல்ஃப் பந்து அடித்து மாடுகளை மிரள வைத்தார்கள் என்று சொல்வார்கள். 1898-இல் ஒன்பது குழிகளோடு முதல் திடல் வந்தது. நம் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893-இலேயே தொடங்கிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். வயதில் நாம் மூத்தவர்கள்.

டொனால்ட் ராஸ் யார்? ஏன் எல்லோரும் அவர் பெயரையே சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்தின் டோர்னாக் ஊர்க்காரர். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் டாம் மாரிஸிடம் தொழில் கற்றவர். 1900-இன் கடைசியில் பைன்ஹர்ஸ்டுக்கு வந்தார். பின்னாளில் அமெரிக்கா முழுவதும் நானூறு திடல்களுக்குப் பக்கமாக வடிவமைத்தார். பலவற்றுக்கு ஒரே ஒருமுறை போய்ப் பார்த்ததோடு சரி. சிலவற்றை வரைபடத்தை மட்டும் பார்த்துச் செய்ததாகவும் சொல்வார்கள்.

இரண்டாம் எண் திடல் மட்டும் விதிவிலக்கு. 1907-இல் அதற்குப் பதினெட்டுக் குழிகளும் வந்துவிட்டன. ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. மூன்றாவது குழியின் கிரீனுக்கு (குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் தரை) பின்னாலேயே வீடு கட்டிக்கொண்டார். 1948-இல் இறக்கும்வரை பங்கர் என்னும் மணற்குழியை நகர்த்துவதும், கிரீனின் ஓரத்தைத் தாழ்த்துவதும், முதல் அடி அடிக்கும் இடமான டீயைப் பின்னுக்குத் தள்ளுவதுமாகவே இருந்தார். ஆகவே, ‘ராஸின் மூல வடிவம்’ என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டின் வடிவம் என்று கேளுங்கள். நாற்பது ஆண்டுகளில் அவரே பலமுறை மாற்றியிருக்கிறார்.

தொடக்கத்தில் கிரீன்களில் புல்லே இல்லையாமே?

உண்மைதான். மணலும் களிமண்ணும் கலந்து தட்டிச் சமப்படுத்திய தரையில்தான் பட் செய்தார்கள், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டினார்கள். விடுதி குளிர்காலத்துக்கானது, பெர்முடா புல்லோ குளிர் வந்தால் பழுத்து உறங்கிவிடும். 1935-இல்தான் ராஸ் அங்கே புல் கிரீன்களை அமைத்தார். மறு ஆண்டே பிஜிஏ சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது, டென்னி ஷூட் வென்றார். இன்று உலகம் பயப்படுகிற அந்த மேடு பள்ளமெல்லாம் 1935-க்குப் பிறகு பிறந்தவை.

பிறகு அதைப் பச்சையாக்கியது யார்?

காலமும் பணமும். ராஸ் காலத்துத் திடலில் ஃபேர்வேக்கு (டீயிலிருந்து கிரீன்வரை போகும் புல் பாதை) இருபுறமும் வெறும் மணல், அதில் கொத்துக் கொத்தாகக் கம்பிப்புல், மேலே உதிர்ந்த பைன் ஊசிகள். பந்து அங்கே போனால் என்ன நிலையில் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

1970-இன் கடைசியில் டஃப்ட்ஸ் குடும்பம் விடுதியை டயமண்ட்ஹெட் என்ற நிறுவனத்துக்கு விற்றது. அவர்கள் வீட்டுமனை வியாபாரிகள். அந்தக் காலத்தில் வண்ணத் தொலைக்காட்சி வேறு வந்துவிட்டது. வசந்த காலத்தில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா திடலைத் திரையில் பார்த்த அமெரிக்கர்களுக்குப் பச்சை என்றால் பணக்காரத்தனம், பழுப்பு என்றால் கவனிப்பாரில்லாத நிலம் என்ற எண்ணம் ஊறிப்போனது. வீடு வாங்க வருபவனுக்குச் சன்னலைத் திறந்தால் மணல் தெரியலாமா? மணலின் மேல் பெர்முடா புல்லை விரித்தார்கள். புல் வந்தால் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஊற்றினால் உரம் வேண்டும், உரம் போட்டால் வெட்டுவதற்கு ஆள் வேண்டும். சில ஆண்டுகளில் மரத்துக்கு மரம் பச்சைக் கம்பளம்.

அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்கள் கையிலிருந்து விடுதி போன பிறகும், 1984-இல் டெட்மன் குடும்பத்தின் கிளப்கார்ப் அதை வாங்கிச் சீர்படுத்திய பிறகும், அந்தப் பச்சை அப்படியே இருந்தது. உறுப்பினர்களும் விருந்தினர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஒரு திடல் தன் முகத்தை இழப்பது பெரும்பாலும் ஒரே நாளில் நடக்கும் குற்றமல்ல. ஆண்டுதோறும் ஓர் அடி புல்லை அதிகம் வளரவிடுவதால் நடப்பது.

1999, 2005 ஓப்பன்கள் அந்தப் பச்சைத் திடலில்தானே நடந்தன? நன்றாகத்தானே இருந்தது?

நன்றாகத்தான் இருந்தது. 1999-இல் பெய்ன் ஸ்டூவர்ட் கடைசிக் குழியில் நீண்ட பட் ஒன்றை உருட்டிவிட்டு ஃபில் மிக்கல்சனை ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். சில மாதங்களில் விமான விபத்தில் இறந்தும் போனார். கையை முன்னே நீட்டி ஒற்றைக் காலில் நின்ற அவரது நிலை இன்று பதினெட்டாவது கிரீனருகே சிலையாக நிற்கிறது. 2005-இல் நியூசிலாந்தின் மைக்கேல் கேம்பல், பின்னால் துரத்திவந்த டைகர் வுட்ஸை இரண்டு அடிகளில் முந்தினார்.

போட்டி நன்றாக இருந்தது என்பதும் திடல் சரியாக இருந்தது என்பதும் வேறு வேறு. ஃபேர்வே ஒடுங்கலாக, இருபுறமும் ரஃப் எனப்படும் அடர்ந்த நீண்ட புல். பந்து உள்ளே போனால் ஃபேர்வேக்கு வெட்டி எடுத்து அடிக்க வேண்டியதுதான். உலகில் ஐம்பது திடல்களில் அதே தண்டனை கிடைக்கும். அதற்குப் பைன்ஹர்ஸ்டுக்கு ஏன் போக வேண்டும்?

2010-இல் திடலைப் பழையபடி மாற்ற என்னதான் செய்தார்கள்?

பில் கூர், பென் கிரென்ஷா இருவரையும் அழைத்தார்கள். கூர் வட கரோலினாவில் வளர்ந்தவர். சிறுவயதில் அந்த மணல் திடலிலேயே ஆடியவர். கிரென்ஷா இருமுறை மாஸ்டர்ஸ் வென்றவர், கோல்ஃப் வரலாற்றுப் பைத்தியம். வேலை 2010-இல் தொடங்கி 2011 மார்ச்சில் முடிந்தது.

35 ஏக்கருக்கு மேல் புல்லைச் சுரண்டி எடுத்தார்கள். 1,150 ஸ்பிரிங்க்ளர்கள் இருந்த இடத்தில் 450 மிஞ்சின. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 மில்லியன் கேலனாக இருந்த நீர்ச்செலவு 15 மில்லியனாகக் குறைந்தது. கம்பிப்புல் நாற்றுகள் 200,000-க்கும் மேல் நடப்பட்டன. ஃபேர்வேக்கள் அகலமாயின. ரஃப் என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லாமல் போனது. கிரீனுக்கு ஓர் உயரம், மற்ற எல்லாப் புல்லுக்கும் இன்னோர் உயரம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. பழைய ஃபேர்வே எங்கே ஓடியது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1943-இல் வானிலிருந்து எடுத்த புகைப்படங்கள் கிடைத்தன. அதைவிடப் பெரிய சாட்சி மண்ணுக்குள் இருந்தது. ராஸ் காலத்தில் ஃபேர்வேயின் நடுவில் ஒற்றை வரிசையாகத் தண்ணீர்க் குழாய் பதித்திருந்தார்கள். அந்தக் குழாய் இன்னும் அங்கேயே கிடந்தது. குழாய் எங்கே வளைகிறதோ அங்கே பழைய ஃபேர்வே வளைந்தது. அதிலிருந்து தண்ணீர் எட்டும் தூரமே அந்நாளைய ஃபேர்வேயின் அகலம். நடுவில் ஈரம் அதிகம் என்பதால் பச்சை, ஓரம் போகப் போக மஞ்சள், அதற்கும் அப்பால் மணல். அந்த நிற மாற்றத்தை எந்த வடிவமைப்பாளரும் வரையவில்லை. தண்ணீரின் எல்லைதான் அதை வரைந்தது. மீண்டும் நடுவிலிருந்தே தண்ணீர் ஊற்றி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கிரீன்களை மாற்றினார்களா?

அநேகமாகத் தொடவில்லை. பதினைந்து, பதினேழு ஆகிய இரண்டு குழிகளின் கிரீன்களில் மட்டும் சிறு திருத்தம்.

அந்தக் கிரீன்கள் ஏன் அவ்வளவு கொடுமையானவை?

கவிழ்த்து வைத்த வாணலியின் மேல் பந்தை நிறுத்திப் பாருங்கள், புரிந்துவிடும். நடுவில் விழுந்தால் நிற்கும். ஓரத்தில் விழுந்த பந்து முதலில் நின்றுவிட்டது போலிருக்கும். நீங்கள் பெருமூச்சு விடுவதற்குள் மெல்ல அசையும், விளிம்பைத் தாண்டும், வேகமெடுக்கும், வெட்டிய புல் சரிவில் இறங்கி நீங்கள் அடித்த இடத்துக்கே திரும்பி வரும். தடுக்க ரஃப் கிடையாது. ஐந்தாவது கிரீனின் இடப்பக்கச் சரிவில் உலகத் தரவரிசை ஆட்டக்காரர்கள் ஒரே அடியை இரண்டு முறை அடித்ததை நானே திரையில் பார்த்திருக்கிறேன்.

ராஸ் இவ்வளவு உயரமாக விட்டுப்போகவில்லை என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கிரீனைச் சமப்படுத்த அவ்வப்போது மெல்லிய மணல் தூவுவது எல்லாத் திடல்களிலும் நடக்கும் வேலை. ஒருமுறைக்குச் சில மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அறுபது எழுபது ஆண்டுகள் செய்தால், நடுப்பகுதி உயர்ந்துகொண்டே போகும் என்பது அவர்கள் வாதம். என் தொழிலில் நான் பார்த்தவரையில் இது நம்பத் தகுந்ததே. ஆக, உலகம் மேதைமை என்று வியக்கும் அந்த மேட்டில் ஒரு பகுதி, மணல் வண்டி தள்ளிய பெயர் தெரியாத தொழிலாளர்களின் கைவேலையாகவும் இருக்கலாம்.

ரஃப் இல்லையென்றால் ஆட்டம் சுலபமாகிவிடாதா?

2014-இல் ஆண்கள் ஓப்பனும் பெண்கள் ஓப்பனும் அடுத்தடுத்த வாரங்களில் இதே திடலில் நடந்தன. அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஆண்களில் மார்ட்டின் கைமர் பாருக்கு (திடலுக்கு வகுத்த அடிக்கணக்கு) ஒன்பது அடிகள் குறைவாக முடித்து, இரண்டாமிடத்தாரை எட்டு அடிகளில் விஞ்சினார். பெண்களில் மிஷெல் வீ மட்டுமே பாருக்குக் கீழே முடித்தார். 2024-இல் பிரைசன் டிஷாம்போ கடைசிக் குழியில் 55 கெஜத் தூரத்துப் பங்கரிலிருந்து அடித்த பந்தைக் குழியருகே நிறுத்தி, ரோரி மெக்கில்ராயை ஓர் அடியில் வென்றார். சுலபம் என்று அவர்களில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அங்கே என்ன புல்?

2014 போட்டிகளுக்குப் பிறகு கிரீன்களுக்கும் குட்டைப் பெர்முடா இனத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். பெர்முடா என்றதும் ஏதோ சீமைப் புல் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அருகம்புல், அதே குடும்பம்தான். கோல்ஃப் திடல்களில் இருப்பவற்றில் பல அதன் கலப்பினங்கள். எங்கள் வேலையாட்களில் ஒருவர் சதுர்த்தியன்று கிரீன் ஓரத்தில் அருகம்புல் கிள்ளிக்கொண்டு போவார். நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

அங்கே வேறு திடல்கள் இல்லையா?

பத்துக்கு மேல் போய்விட்டன. நான்காம் எண்ணை கில் ஹான்ஸ் 2018-இல் புதுப்பித்தார். பத்தாம் எண் டாம் டோக்கின் வேலை, 2024-இல் திறந்தது. ‘தி கிரேடில்’ என்ற ஒன்பது குழிக் குட்டித் திடல் ஒன்றும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அங்கேயே ஒரு கிளை அலுவலகம் கட்டிக்கொண்டது. 2029, 2035, 2041, 2047 ஓப்பன்களும் இரண்டாம் எண்ணுக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

கேடிகள் (ஆட்டக்காரர்களின் பை தூக்குபவர்கள்) பற்றிச் சொல்லுங்கள். என் தாத்தா இங்கே கேடியாக இருந்தவர்.

அப்படியானால் வில்லி மெக்ரே என்ற பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கறுப்பினத்தவர். 1943-இல் பத்து வயதில் பை தூக்க வந்தவர், எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கேடியாக இருந்தார். அமெரிக்க அதிபர்களுக்கும் பை தூக்கியிருக்கிறார். 2018-இல் காலமானார். அவர் காலத்தின் பெரும்பகுதியில், தான் பை தூக்கிய திடலில் விருந்தினராக ஆட அவருக்கு அனுமதி இருந்திருக்காது. தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டம் நடந்த காலம் அது.

நம் பக்கமும் கேடியாக, புல் வெட்டுபவராக, பந்து பொறுக்குபவராகத் தொடங்கிய தமிழர்கள் எத்தனையோ பேர். பி. குணசேகரன், எம். ராமையா போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்களும் நம்மிடையே எழுந்தார்கள். உங்கள் தாத்தா உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் திடல், எத்தனையாவது குழி, எங்கே தண்ணீர் தேங்கும் என்று கேளுங்கள்.

கோலாலம்பூரிலும் இதேபோல் புல்லை எடுத்துவிட்டு மணலை விடலாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அப்படியே காப்பியடிப்பது நடக்காது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை, அதுவும் மணல் குடித்துவிடும். இங்கே அதைப்போல் இரண்டு மடங்கு மழை, அடியில் செம்மண் களி. மாலை நான்கு மணிக்கு இடி எச்சரிக்கைச் சங்கு ஒலித்து, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்ததும் மணல் முழுவதும் வடிகாலுக்குள் போயிருக்கும். போகாமல் நின்ற மணலிலும் ஒரே மாதத்தில் லாலாங் புல் தலைகாட்டும், பிறகு தொட்டாற்சுருங்கி. அங்கே கம்பிப்புல் மெதுவாக வளர்வதால் வெட்டாமல் விட முடிகிறது. இங்கே எதையும் வெட்டாமல் விட்டால் காடுதான்.

விதிவிலக்கு பழைய ஈயச் சுரங்க நிலங்கள். அங்கே கழுவிப்போட்ட மணல் மலையாகக் கிடந்தது. செரி கெம்பாங்கானில் மைன்ஸ் திடல் அப்படிப்பட்ட சுரங்க நிலத்தில் வந்ததுதான். 1999 உலகக் கோப்பையை டைகர் வுட்ஸும் மார்க் ஓமேராவும் அங்கேதான் வென்றார்கள். அந்த மணலை மறைக்காமல் ஆட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பைன்ஹர்ஸ்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறத்தை அல்ல, தேடிய முறையை. ஒருமுறை நான் வேலை பார்த்த திடலில், ஒரு ஃபேர்வே எந்த மழைக்கும் சேறாகிக் கிடந்தது. ஆலோசகர்கள் புது வடிகாலுக்குப் பெருந்தொகை கேட்டார்கள். அந்தத் திடலில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் காரில் அழைத்துவந்தோம். குடைக் கம்பியால் ஓர் இடத்தைக் குத்தி, “இங்கே தோண்டுங்கள் தம்பி” என்றார். மூன்றடி ஆழத்தில் சுட்டமண் குழாய் வரிசை, வாய் அடைபட்டு மரவேர் புகுந்து கிடந்தது. வேரை வெட்டி எடுத்ததும் கறுத்த நீர் குபுகுபுவென்று ஓடத் தொடங்கியது. அவர் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை, அந்தக் குழாயும் இல்லை.

இங்குள்ள திடல்கள் தோட்டத் தமிழர்கள் வாழ்ந்த நிலத்தில் வந்தவையா?

சில, ஆம். கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப் இருக்கும் புக்கிட் கியாரா ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். நிலம் கைமாறியபோது தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டன, நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. அந்தக் கிளப்பின் மேற்குத் திடலில் பின்னாளில் சிஐஎம்பி கிளாசிக் என்ற தொழில்முறைப் போட்டி நடந்தது. ஜஸ்டின் தாமஸ் 2015, 2016 இரண்டிலும் வென்றார். திடலின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வடிவமைப்பாளர் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே பால்மரம் சீவியவர்களிலிருந்து தொடங்கினால்தான் அது வரலாறு.

நாங்கள் போய் ஆட முடியுமா?

முடியும். விடுதியில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு இடம் தருகிறார்கள். இரண்டாம் எண்ணுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு, அது சிறு தொகையல்ல. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அமெரிக்க விசா வேண்டும். ராலே-டர்ஹம் விமான நிலையத்தில் இறங்கி, காரில் ஒன்றரை மணி நேரம்போல் தெற்கே போக வேண்டும். ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள். ஜூலையில் போனால் நம் ஊர் வெயிலே தேவலை என்று தோன்றும்.

வண்டியில் ஏறாமல் கேடியை வைத்துக்கொண்டு நடந்தே ஆடுங்கள். போட்டிக்கான டீயிலிருந்து திடல் 7,500 கெஜத்துக்கு மேல். அந்த ஆசை வேண்டாம், முன் டீக்கு வந்துவிடுங்கள். கொடியைப் பார்த்து அடிக்காமல் கிரீனின் நடுவைப் பார்த்து அடியுங்கள். பந்து சரிவில் உருண்டு இறங்கிவிட்டால் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையைத் தொடாதீர்கள். உருட்டும் மட்டையான பட்டரை எடுத்து மேட்டில் உருட்டி ஏற்றுங்கள். அங்கே புல் அவ்வளவு குட்டை, தரை அவ்வளவு கெட்டி. நம் ஊர் மாட்டுப்புல்லில் பழகிய கைக்கு முதலில் நம்பிக்கை வராது. பட்டரை நீட்டும் கேடி சொல்வதைக் கேளுங்கள்.